சின்ன நெருப்பு போதும்: ரம்ஃபோர்டு பிரபுவின் கதை



டிசம்பர் லீவில் கொடைக்கானல் போனவர்கள் கை தூக்குங்க. பாதிப் பேராவது இருப்பீங்க. ஏரியைச் சுற்றி சைக்கிள், கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் முடிச்சிட்டு, ராத்திரி ஒரு பழைய பங்களாவில் தங்கியிருப்பீங்க. ஹாலில் சுவரோடு சேர்த்து ஒரு ஃபயர்பிளேஸ் இருந்திருக்கும். கணப்பு என்று தமிழில் அழகான பெயர் உண்டு. வாட்ச்மேன் அண்ணன் விறகு அடுக்கிப் பற்ற வைத்துவிட்டுப் போயிருப்பார். குளிர் போகலையேன்னு நீங்களும் கட்டை மேல கட்டையா போட்டிருப்பீங்க.

அப்போ ஒண்ணு கவனிச்சீங்களா? முகம் சுடும், முதுகு நடுங்கும். தீ பெரிசாகப் பெரிசாகக் கதவு இடுக்கு வழியா வர்ற குளிர்காற்றும் அதிகமாகும். விறகு தீர்ந்ததுதான் மிச்சம், அறை சூடாகலை.

நெருப்பைப் பெரிசாக்கினால் அறை ஏன் சூடாவதில்லை? இந்தக் கேள்விக்குச் சுமார் 230 வருஷத்துக்கு முன்னாடியே பதில் கண்டுபிடித்த ஒரு மனிதரின் கதைதான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் பெஞ்சமின் தாம்சன். உலகம் அவரை ரம்ஃபோர்டு பிரபு என்று அழைக்கிறது. தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் பீரங்கி துளைத்த ஆள் என்று ஒரு வரியில் வந்துவிட்டுப் போவாரே, அவரேதான்.

கடைப் பையனும் பட்டாசும்

1753 மார்ச் 26ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வூபர்ன் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அமெரிக்கா என்று தனி நாடு கிடையாது. எல்லாம் பிரிட்டிஷ் காலனி. குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 13 வயதில் சேலத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். நம்ம சேலம் இல்லீங்க, அங்கேயும் ஒரு சேலம் இருக்கு.

கடையில் கணக்கு எழுதுவதைவிடச் சொந்தமாகப் பரிசோதனை செய்வதில்தான் பையனுக்கு ஆர்வம். ஒரு விழாவுக்காகப் பட்டாசு தயாரிக்கப் போய், மருந்து வெடித்து உடம்பெல்லாம் காயம். ஆனால் நெருப்பின் மேல் இருந்த மோகம் போகவில்லை. நண்பனோடு நடந்தே ஹார்வர்டுக்குப் போய் அறிவியல் வகுப்புகளைக் கேட்டுவிட்டு வருவாராம். கல்லூரியில் முறையாகச் சேர்ந்து பட்டம் வாங்கவில்லை.

19 வயதில் நியூ ஹாம்ப்ஷயரில் கான்கார்டு என்ற ஊரில் வாத்தியார் வேலை. அந்த ஊருக்குப் பழைய பெயர் ரம்ஃபோர்டு. அங்கே தன்னைவிட வயதில் மூத்த, வசதியான ஒரு விதவையை 1772ல் திருமணம் செய்துகொண்டார். 1774ல் மகள் சாரா பிறந்தாள்.

இங்கே கதை கொஞ்சம் கசக்கும். ஹீரோவாகவே காட்டணும்னு மறைக்க வேண்டாம். அமெரிக்க விடுதலைப் போராட்டம் சூடுபிடித்தபோது தாம்சன் பிரிட்டிஷ் பக்கம் நின்றார். 1775ல் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய ஒரு கடிதம் மூலம் பிரிட்டிஷ் படைக்கு உளவுத் தகவலும் அனுப்பினார். ஊரில் சந்தேகம் கிளம்பியபோது மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர், 1776ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். மனைவி 1792ல் இறந்தார். அதுவரை அவரைப் பார்க்கத் தாம்சன் திரும்பிப் போகவே இல்லை.

மூனிக் நகரமும் ஒரு பானை சூப்பும்

லண்டனில் வெடிமருந்து ஆராய்ச்சி செய்து, 1779ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1784ல் சர் பட்டம். அதே வருஷம் பவேரியாவுக்குப் போய், அந்நாட்டு ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மூனிக்தான் தலைநகரம். அங்கே படையைச் சீரமைக்கும் பொறுப்பு கிடைத்தது.

சிப்பாய்களுக்குச் சீருடை வேண்டும். எந்தத் துணி உடம்புச் சூட்டை நன்றாகக் காக்கும்? தாம்சன் தெர்மாமீட்டரைச் சுற்றிக் கம்பளி, பட்டு, பஞ்சு, ரோமம் என்று ஒவ்வொன்றாக அடைத்து, ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். இழைகளுக்கு நடுவில் சிக்கி, நகர முடியாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது என்று தெரிந்தது. கொடைக்கானல் கடைத்தெருவில் நாம் பேரம் பேசி வாங்கும் ஸ்வெட்டர் வேலை செய்வது இதே தத்துவத்தில்தான். இந்த ஆய்வுக்கு 1792ல் காப்லே பதக்கம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் மூனிக் தெருக்களில் பிச்சைக்காரர்கள் அதிகம். 1790 ஜனவரி 1ஆம் தேதி, ஒரே நாளில் அவர்களைத் திரட்டி, ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்த தொழிற்கூடத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். அங்கே படைக்கான துணி தைக்கும் வேலை, கூலி, சூடான சாப்பாடு. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்ட அந்தச் சூப்புக்கு இன்றும் ரம்ஃபோர்டு சூப் என்றுதான் பெயர்.

இவ்வளவு பேருக்குத் தினமும் சமைக்க வேண்டும் என்றதும் விறகுக் கணக்கு கண்ணில் பட்டது. சமையலறைக்குள் போய்ப் பார்த்தார். திறந்த அடுப்பில் பெரிய தீ எரிகிறது, பானை தளதளவென்று கொதிக்கிறது, சூடெல்லாம் மேலே போகிறது. அவர் யோசித்தது எளிமையான விஷயம். தண்ணீர் ஒருமுறை கொதிநிலைக்கு வந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் வெப்பநிலை ஏறாது. கூடுதல் விறகு ஆவியாகத்தான் போகும், உள்ளே இருக்கும் கிழங்கு சீக்கிரம் வேகாது. ஆக, கொதிக்க வைக்க ஒரு அளவு தீ, கொதியைத் தக்க வைக்க அதைவிட ரொம்பச் சின்ன தீ.

அதற்காகவே அடுப்பை மாற்றிக் கட்டினார். தீயைச் சுற்றிலும் செங்கல் மூடி, பானையை உள்ளே இறக்கி, ஒவ்வொரு பானைக்கும் தனித் தீ, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கதவு. நம்ம தாத்தா பாட்டி வீட்டில் செப்பு வெந்நீர் பாய்லர் பார்த்திருப்பீங்க. நடுக்குழாயில் கரி, சுற்றிலும் தண்ணீர். தீயின் சூடு எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். ரம்ஃபோர்டு தேடியதும் அதைத்தான்.

1792ல் அவருக்குக் கவுண்ட் பட்டம் கிடைத்தது. பெயர் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தான் வாத்தியாராக இருந்த அந்தச் சின்ன ஊரின் பழைய பெயரை வைத்துக்கொண்டார்.

கணப்பின் கழுத்தை நெரித்தவர்

1795ல் லண்டன் திரும்பினார். நகரம் முழுக்கப் புகை. பணக்கார வீடுகளில் ஆள் உள்ளே நிற்கிற அளவுக்குக் கணப்புகள். எரிப்பதோ கூடை கூடையாக நிலக்கரி. அப்படியும் அறைக்குள் புகையும் குளிரும்.

ரம்ஃபோர்டு கண்டுபிடித்த தவறு ஒன்றே ஒன்று: கணப்பு அளவுக்கு மீறிப் பெரிசு. திறந்த நெருப்பு அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சால்தான். சூடான காற்று புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். புகைபோக்கியின் கழுத்து அகலமாக இருந்தால், தீக்குத் தேவையான காற்று மட்டும் போகாது. அறையில் இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் சேர்ந்து போகும். போன இடத்தை நிரப்ப, கதவு இடுக்கு வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். முதுகு நடுங்கியதற்குக் காரணம் இதுதான்.

அவர் செய்த மாற்றத்தை ஒரு கொத்தனார் எளிதாகச் செய்துவிடலாம். பின்சுவரை முன்னால் கொண்டுவந்தார். பின்சுவரின் அகலத்தை முன்வாயில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். ஆழமும் அதே அளவு. பக்கச் சுவர்கள் 135 டிகிரி கோணத்தில் விரிந்து, சூட்டை அறைப்பக்கம் திருப்பிவிடும். புகைபோக்கியின் கழுத்தை வெறும் 4 அங்குலத்துக்குச் சுருக்கினார். 1796ல் இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். லண்டன் வீடுகளில் கொத்தனார்களுக்கு ஒரே வேலை. பெரிய கணப்பை இடித்துச் சிறிசாக்குவது!

இப்ப கொடைக்கானலுக்கு வருவோம். 1845ல் மதுரை அமெரிக்க மிஷன் குடும்பங்கள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, சுமார் 2100 மீட்டர் உயரத்தில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பின்னால் வந்த பங்களாக்களில் கணப்பு இல்லாத வீடு அபூர்வம். அடுத்த முறை போகும்போது உள்ளே குனிந்து பாருங்க. பக்கச் சுவர்கள் சாய்வாக விரிந்து, ஆழம் குறைவாக இருந்தால் அந்த வடிவம் ரம்ஃபோர்டு வழி வந்தது. பெட்டி மாதிரி நேராகவும் ஆழமாகவும் இருந்தால் ராத்திரி கம்பளி எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கோங்க.

ஒரு சின்னக் கணக்கும் போடலாமே. 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை. வெளியே 8 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். சுவர் 48 சதுர மீட்டர், கூரை 16 சதுர மீட்டர். இரண்டுக்கும் வெப்பக் கடத்தல் எண் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2 வாட் என்று வைத்தால் இழப்பு சுமார் 1.5 கிலோவாட். காற்றுக் கசிவுக்கு இன்னும் 0.2. மொத்தம் 1.7 கிலோவாட் போதும்.

நீங்கள் மணிக்கு 4 கிலோ காய்ந்த விறகு எரித்தால், கிலோவுக்கு 4 கிலோவாட் மணி என்ற கணக்கில், 16 கிலோவாட் வெளிவருகிறது. தேவையைப் போல ஒன்பது மடங்கு! அதில் பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு வருகிறது. மீதி, பழனி மலையின் வானத்தைச் சூடாக்கப் போகிறது. அந்த விறகும் சும்மா வருவதில்லை. இந்த மலையின் புல்வெளிகள் பலவற்றில் இன்று நிற்பது வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள். அங்கே மரம் நட்டதற்கான காரணங்களில் விறகுத் தேவையும் ஒன்று.

பீரங்கியும் பூச்செடியும்

அவரைப் பாடப்புத்தகத்தில் ஏற்றிய பரிசோதனை 1798ல் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. மூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது உலோகம் பயங்கரமாகச் சூடாவதைக் கவனித்தார். வெப்பம் என்பது கேலாரிக் என்ற ஒரு திரவம் என்று பலரும் நம்பிய காலம் அது. வேண்டுமென்றே மழுங்கிய துளைப்பானை வைத்து, குழாயைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் மூழ்க வைத்து, குதிரைகளைக் கொண்டு சுற்ற வைத்தார். சுமார் 8.5 கிலோ தண்ணீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. பக்கத்தில் நெருப்பே கிடையாது! சுற்றச் சுற்றச் சூடு வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது, வெப்பம் ஒரு வகை இயக்கம் என்று முடிவு கட்டினார்.

கால்குலேட்டர் எடுங்க. 8.5 கிலோ தண்ணீர், ஏறியது சுமார் 84 டிகிரி. கிட்டத்தட்ட 3 மெகாஜூல். 9000 வினாடியால் வகுத்தால் சுமார் 330 வாட். ஒரு குதிரைத்திறனில் பாதிகூட இல்லை. பின்னால் ஜூல் துல்லியமாக அளந்த தொடர்புக்கு இதுதான் தொடக்கப் புள்ளி.

1799ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் தொடங்க முக்கியக் காரணமாக இருந்தார். 1801ல் ஹம்ஃப்ரி டேவியை அங்கே வேலைக்கு எடுத்ததும் இவர் காலத்தில்தான். 1805ல் பாரிஸில், வேதியியல் மேதை லவாய்சியரின் மனைவியாக இருந்து விதவையான மேரி ஆன்னைத் திருமணம் செய்தார். கேலாரிக் என்ற பெயரைப் பரப்பியதே லவாய்சியர்தான். வீட்டுக்குள் தினமும் சண்டை. விருந்தாளிகள் வரக் கூடாதென்று இவர் வாசல் கதவைப் பூட்ட, கோபத்தில் அவர் இவரது பூச்செடிகளில் வெந்நீரை ஊற்றினாராம். வாழ்நாள் முழுக்க வெந்நீரைச் சிக்கனமாகக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவருக்கு இப்படி ஒரு முடிவு! 1809ல் பிரிந்தார்கள். 1814 ஆகஸ்ட் 21ஆம் தேதி பாரிஸ் அருகே ஓத்தோயில் காலமானார்.

அவர் இன்றைக்கு வந்தால்

குளிர்நாட்டு வீடுகளில் இன்று கணப்புக்குப் பதில் பாய்லர். ஆனால் தவறு மாறவில்லை. எதற்கும் இருக்கட்டும்னு பெரிய பாய்லராக மாட்டிவிடுவார்கள். நம்ம கொடைக்கானலிலேயே ஒரு உதாரணம் கற்பனை பண்ணலாம். பத்து அறை விடுதி. சீசனை மனசில் வைத்து 30 கிலோவாட் வெந்நீர் பாய்லர். ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரண்டு அறையில்தான் ஆள். தேவை 5 கிலோவாட்.

குழாயிலும் பாய்லரிலும் மொத்தம் 50 லிட்டர் தண்ணீர். தெர்மோஸ்டாட் 10 டிகிரி இடைவெளியில் ஆன், ஆஃப் ஆகிறது. உபரி 25 கிலோவாட், 84 வினாடியில் தண்ணீரைச் சூடாக்கிவிடும். பாய்லர் அணையும். ஏழு நிமிஷத்தில் தண்ணீர் ஆறும். மறுபடி பற்றும். ஒரு நாளைக்குச் சுமார் 170 தடவை! இதற்குப் பெயர் ஷார்ட் சைக்கிளிங். ஒவ்வொரு முறை பற்றுவதற்கு முன்னாலும் மின்விசிறி குளிர்காற்றை உள்ளே ஊதி, சேர்த்து வைத்த சூட்டைப் புகைபோக்கியில் தள்ளிவிடும். இக்னைட்டரும் ரிலேயும் சீக்கிரம் தேயும். கணப்புக்கு நடந்த அதே கதை.

வழி என்ன? முதலில் இழப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் வாங்குவது. ஏற்கெனவே வாங்கியாச்சா? தெரிந்த டெக்னீஷியனை வைத்து, அந்த பாய்லர் அனுமதிக்கிற அளவுக்குத் தீயைக் குறைக்கலாம். ஆன், ஆஃப் இடைவெளியை அகலமாக்கலாம். 300 லிட்டர் பஃபர் டேங்க் ஒன்றை இணைக்கலாம். 50 லிட்டர் 350 ஆனால், அதே கணக்கில் ஒரு முறை எரிவது 10 நிமிஷம், ஓய்வு 49 நிமிஷம். நாளைக்கு 170 தடவை என்பது 25க்குள் வந்துவிடும். நம்பலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. கணப்பு புகைகிறது என்று சிலர் பார்பிக்யூ கரியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கிவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொடைக்கானலிலிருந்தே இப்படி உயிர் போன செய்திகள் வந்திருக்கு. ரம்ஃபோர்டு புகைபோக்கியின் கழுத்தைச் சுருக்கினாரே தவிர, மூடவில்லை. புகை வெளியே போக வழியில்லாத எந்த நெருப்பும் அறைக்குள் வேண்டாம். ப்ளீஸ்.

பெஞ்சமின் தாம்சன் நல்ல கணவர் இல்லை, நல்ல அப்பாவாகவும் பல வருஷம் இருக்கவில்லை. ஆனால் ஒரு இன்ஜினியராக, பெரிசு வாங்குவதற்கு முன்னால் எவ்வளவு தேவை என்று அளந்து பார்த்தவர். நாம என்ன பண்றோம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மோட்டார் வாங்கும்போது, சந்தேகமா இருக்கு, ஒரு சைஸ் பெரிசாவே போடுடான்னு சொல்றோம். அடுத்த முறை அப்படிச் சொல்ல வாய் வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த ஒரு நிமிஷம், டிசம்பர் ராத்திரியில் ஒரு கட்டு விறகை மிச்சப்படுத்தும்.